தூய்மையும் தீட்டும்

இல்லத்துப் பொருள்களைத் தூய்மையாக வைத்திருத்தல் உடல்நலத்தைச் சேர்ந்த செய்தி என்றே நாம் நெடுநாள் கருதியிருந்தோம். பெங்களூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் கண்ட காட்சி, அஃது அறத்தையும் சேர்ந்ததென்று நமக்கு உணர்த்திற்று.

அங்கே பாத்திரம் துலக்கும் அம்மையார் பின்கட்டில் அமர்ந்து, வீட்டார் உண்ட தட்டுகளையும் பருகிய குவளைகளையும் பளபளக்கத் துலக்கி வைத்தார். பின்னர் அவருக்குத் தேநீர் வந்தது. மதிலின் மேல் தனியே கவிழ்த்திருந்த நசுங்கிய அலுமினியக் குவளையில் அதனை ஊற்றினர். அவர் கைபட்ட குவளைகள் உள்ளே சென்றன. வாய்பட்ட குவளை வெளியே நின்றது. அடுக்களையிலோ பல நாள் ஈரம் உலராத கரித்துணி ஒன்று கிடந்தது. மேடையையும் குழந்தையின் பாற்கிண்ணத்தையும் அதனாலேயே துடைத்தனர். அத்துணிக்கு மட்டும் தீட்டில்லை!

கிருமி குலம் பார்ப்பதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் உணவுத் துணுக்கும் கூடுமிடத்தில் அது பெருகும். ஆகவே கரித்துணியைக் கொதிநீரில் இட்டு அலசி வெயிலில் உலர்த்தல் வேண்டும். மீன் அரிந்த பலகையைச் சோப்பிட்டுக் கழுவாமல் காய்கறிக்கு எடுத்தலாகாது. குடிநீர் தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் மடியும். இப்பணிகளுள் ஒன்றையேனும் தனிக்குவளை செய்யவல்லதோ?

வீட்டிற் சிறிதாகக் காணும் இம்மயக்கம் ஊரளவிற் பெரிதாக நிகழ்ந்ததும் உண்டு. 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில், ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அதற்கு 43 ஆண்டுகட்குப் பின், 1927 மார்ச்சுத் திங்களில், மகாராட்டிரத்து மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் அவருடன் சென்றோரும் நீர் பருகினர். உடனே வைதிகர் அக்குளத்தைச் சுத்தி செய்தனர். எதைக் கொண்டு? சாணமும் கோமியமும் கொண்டு! குடிக்கும் நீரில் சாணத்தைக் கரைத்தவர்க்கு மனிதன் கை அழுக்காகத் தோன்றிற்று.

விநயம் பிக்குகளுக்குக் கூறுவது எளியது: உண்டபின் பாத்திரத்தைக் கழுவுக, ஈரத்துடன் எடுத்து வையாது சற்றே வெயிலில் உலர்த்துக. அங்கே கேள்வி பாத்திரத்தைப் பற்றியதேயன்றி உண்டவர் பிறப்பைப் பற்றியதன்று.

நண்பரை வினவினோம். “எல்லாம் சுகாதாரத்திற்காகத்தான், வெளியிலிருந்து வருபவர், என்ன நோயோ!” என்றார். அன்று நமக்குக் கடுஞ்சளியும் இருமலும் இருந்தன. நாமும் வெளியிலிருந்து வந்தவரே. எனினும் நமக்கு வெள்ளிக் குவளையில் காப்பி அளித்தனர். நாமும் ஒன்றும் கூறாமல் பருகினோம். அந்த எச்சிற் குவளையைத் துலக்க எடுத்துச் சென்றவர் அவ்வம்மையாரே.