ஐந்தாமவன்: மருந்தும் அறமும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைப் பிழையின்றி ஊட்டிப் பேணுபவன் என்பன அவை. மருந்தை விற்பவனுக்கு அந்நான்கினுள் இடமில்லை. மூலிகை வேலியோரத்திலே கிடைத்த காலத்தில் அவனுக்குத் தனியிடம் வேண்டப்படவும் இல்லை. இன்றோ ஆய்வுகூடமும் ஆலையும் கப்பலும் கடையும் கடந்தே மருந்து நம்மை வந்தடைகின்றது. மருந்தாக்கற் கைத்தொழில் என்னும் ஐந்தாமவன் தோன்றிவிட்டான். அவனுக்கு எவ்விடத்தை வழங்குதல் அறமாகும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. 2022ஆம் ஆண்டில், நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போன வேளையில், அம்மம்மாவின் மருந்துத் துண்டுடன் மூன்று பாமசிகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையிலே பத்துக் குளிசைகள் மாத்திரம் இருந்தன. சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். புடைவைக் கடையிலே விலை ஒவ்வாதாயின் வேண்டாமென்று திரும்பிவிடலாம். அங்கு அவ்வாறு திரும்ப என்னால் இயலவில்லை. வாங்குவோன் மறுக்கவியலாத ஒரு கொடுக்கல் வாங்கலை வணிகம் என்று அழைப்பது தகுமா என்ற ஐயம் அன்றே எழுந்தது.

விலையுடையவை, விலைகடந்த மாண்புடையவை எனப் பொருள்களை இருவகைப்படுத்தினார் ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற். மருந்து இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது. அது விலையுடையது, அது காக்கும் உயிரோ மாண்புடையது. மேலும், மருந்தை வாங்குவோன் அதனை மறுக்கவியலாதவன் மாத்திரமல்லன். அதன் தரத்தைச் சோதிக்கவும் இயலாதவன். 1937இல் ஐக்கிய அமெரிக்காவிலே சல்பனிலமைட்டு என்னும் மருந்து, டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்திலே கரைக்கப்பட்டு, இனிப்புப் பாணியாக விற்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டுமென்ற சட்டம் அந்நாட்டில் அதன் பின்னர், 1938இலேதான் பிறந்தது. சட்டம் பிறந்ததனால் ஆபத்து நீங்கிற்று என்பதற்கில்லை. 2022இல் காம்பியா நாட்டிலே சிறுவர்கள் பலர் இறந்தமையுடன் தொடர்புபடுத்தப்பட்ட பாணி மருந்துகளிலும் அதே நஞ்சு காணப்பட்டது.

எனினும், ஐந்தாமவனை நஞ்சு விற்பவனாக மாத்திரம் காண்பது உண்மைக்கு மாறானது. 1921இல் ரொறன்ரோ நகரிலே இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர் தம் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தனர். இது பெருங்கொடை. ஆயின் அக்கொடை மாத்திரம் நோயாளரைக் காப்பாற்றவில்லை. பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுகூடத்திலே, பலருக்குப் போதுமான அளவில், ஒரே தரத்தில் இன்சுலினை ஆக்க இயலவில்லை. அமெரிக்காவின் இலை லில்லிக் கம்பனியுடன் 1922இல் உடன்பாடு செய்துகொண்ட பின்னரே பெருமளவு உற்பத்தி கைகூடிற்று. கண்டறிந்தவனின் பெருந்தன்மையும் ஆக்குபவனின் தொழிற்றிறனும் சேர்ந்தே உயிர் காத்தன. ஆகவே ஐந்தாமவனுக்கு உரிய கூலியை மறுத்தல் நீதியன்று.

கூலி வேறு, அதிகாரம் வேறு. எந்நோய்க்கு மருந்து தேடுவது, எம்மருந்தை ஆக்குவது, எதனைக் கைவிடுவது என்பவற்றை இலாபமே தீர்மானிக்குமிடத்து, நோயின் கொடுமையன்றி நோயாளியின் பணப்பையே அளவுகோலாகிறது. ஆபிரிக்காவின் தூக்க நோய்க்கு எஃப்ளோர்னித்தின் என்னும் மருந்து நற்பயன் தந்தது. நோயாளரோ வறியவர். 1990களின் நடுப்பகுதியில் அம்மருந்தின் உற்பத்தி கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அதே பொருள், பெண்களின் முகத்து மயிர் வளர்ச்சியைக் குறைக்கும் பூச்சாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின் பின்னரே தூக்க நோயாளருக்கு அது மீண்டும் உறுதிப்படுத்தப்பட்டது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. ஆற்றோரக் குருட்டு நோய்க்குரிய ஐவர்மெக்ரினை வேண்டுமளவும் வேண்டுங்காலம் வரையும் இலவசமாக வழங்குவதாக 1987இல் மேர்க் கம்பனி அறிவித்து, வழங்கியும் வந்தது. அது போற்றத்தக்க ஈகை. ஆயின் ஈகை கொடுப்பவனின் விருப்பத்தைச் சார்ந்தது. உரிமை பெறுபவனின் தேவையைச் சார்ந்தது. உயிர் காக்கும் மருந்தை ஈகைக்கு மாத்திரம் விட்டுவைத்தல் அறமாகாது.

இவ்வினாவிற்கு எமது நாட்டிலேயே ஒருவர் விடை தேடினார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேராதனையிலே மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் மருந்து முகாமை பற்றிய அறிக்கையொன்றை அளித்தார். அதன் வழிவந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே. ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்படுவதை அவர் எதிர்த்தார். மருந்துகளைப் பொதுப் பெயரால் எழுதுதல், உலகளாவிய கேள்விப்பத்திரத்தின் மூலம் மொத்தமாக வாங்குதல், தேவையற்றவற்றை நீக்குதல் என்பன அவர் காட்டிய வழிகள். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. கம்பனிகளின் எதிர்ப்பு வலுத்தது. 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளிலிருந்து ரெற்றாசைக்கிளின் ஆக்கித்தர இங்கு ஆலை வைத்திருந்த பன்னாட்டுக் கம்பனியொன்று இணங்கவில்லை. கூடிய செலவில் அதனை வான்வழியே வருவிக்க நேர்ந்தது. பிபிலே 1977 செப்ரெம்பரில் கயானாவிலே காலமானார். அதே ஆண்டிலேதான் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

பிபிலே ஐந்தாமவனை ஒழிக்க முயன்றாரல்லர். நோயாளி தனியே நின்று அவனை எதிர்கொள்ளும் நிலையையே மாற்ற முயன்றார். அறிவும் பேரம் பேசும் வலுவும் உடைய சமுதாயம் நோயாளியின் அருகில் நிற்க வேண்டும் என்பதே அவர் கொள்கையின் சாரம். வள்ளுவர் கூறிய நான்காமவனின் பணி இதுவேயன்றோ? அன்று வீட்டார் செய்த அப்பணியை இன்று அரசும் பொது நிறுவனங்களும் ஏற்க வேண்டியுள்ளன.

அரசு அருகில் நின்றாற் போதுமா என்று வினவுவோர்க்கு, போதாது என்பதே நேர்மையான விடை. 2022இன் தட்டுப்பாட்டிற்கு ஐந்தாமவனைக் குறைகூற முடியாது. கருவூலத்தை வெறுமையாக்கிய ஆட்சியே அதற்குப் பொறுப்பு. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் அரச கொள்வனவின் ஊடாகவே வைத்தியசாலைகளுக்குள் வந்து பெருஞ் சர்ச்சையாயிற்று. காவலனும் காக்கப்பட வேண்டியவனே. அக்கண்காணிப்பு மருத்துவ பீடத்தாரின் கடமை மாத்திரமன்று. கலைப்பீடத்திலே பொருளியலும் மெய்யியலும் சட்டமும் கற்கும் எமக்கும் அதிற் பங்குண்டு.

ஐந்தாமவன் ஆக்கட்டும், தன் உழைப்பிற்குரிய ஊதியத்தைப் பெறட்டும். யார் பிழைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மாத்திரம் அவனுக்கில்லை. அன்று நான் வாங்கிவந்த பத்துக் குளிசைகளையும் அம்மம்மா பாதி பாதியாக முறித்து இருபது நாளுக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பாதிக் குளிசைக்கு விடைகூற வேண்டியவர்கள் பலர். அவர்களுள் நாமும் அடங்குவோம்.