வேலியில் போன ஓணான்தான், அதற்கென்ன?

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியேடா!" பியர்டட் டிராகன் குட்டி ஒன்றை வாங்கி வந்தவனுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் ஆசீர்வாதம் இதுதான். சித்தப்பா சொல்வார், போனில் பாட்டி சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ தலைகுனியாதே. அவர்கள் சொல்வதில் பாதி உண்மைகூட: நம் வேலி ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். ஆனால் இது ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிள்ளை. கோடையின் அனல் வெயிலையும் குளிர்கால இரவின் கடுங்குளிரையும் ஒரே மண்ணில் பார்த்த இனம். அந்த இனத்தில் விரல் நீளக் குட்டியொன்று இன்று உன்னை நம்பி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை ஆளாக்க உன்னால் முடியுமா?

முடியும். ஆனால் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு முறை முழங்கினாலும் அந்தப் பெட்டியின் சூடு அரை டிகிரி ஏறாது. (என்னைப்போல் தன்னம்பிக்கை எழுதிப் பிழைப்பவர்கள் இதை வெளியே சொல்வதில்லை.) இங்கே தைரியம் தெர்மாமீட்டரிலிருந்துதான் வரும். எடு அதை!

பெட்டியின் ஒரு முனையில் வெயில் காய ஒரு கல், அதன் மேலே சூடு விளக்கு. கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். மறுமுனை 25க்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே தானே போய்வந்து அது தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். கல் ஆறிக்கிடந்தால் தின்றது செரிக்காது, செரிக்காத வயிறு பசிக்காது, "சாப்பிட மாட்டேங்குதே" என்று நீதான் அழுவாய். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட மீட்டரை நம்பாதே; அது கண்ணாடியோரக் காற்றின் கதையைத்தான் சொல்லும். கல்லின் மேலேயே வைக்கிற டிஜிட்டல் மீட்டரோ, குறிபார்த்து அழுத்துகிற அகச்சிவப்பு மீட்டரோ வாங்கு. நாலைந்து டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறாயா? இந்த இனத்தின் முட்டையை 32 டிகிரிக்கு மேல் அடைகாத்தால், மரபணுவில் ஆணாக இருக்கும் குஞ்சு பெண்ணாக வெளியே வரக்கூடும். காட்டிலேயே அப்படி மாறிய பெண்கள் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆணையே பெண்ணாக்கும் டிகிரியை நீ கண்மதிப்பில் விடலாமா?

வெளிச்சத்திலும் இதே கறார் வேண்டும். சூடு விளக்கு வேறு, யூவிபி குழல் வேறு. இரண்டும் வேண்டும், பகலில் சுமார் 12 மணி நேரம். இரவில் எல்லாம் அணைய வேண்டும், சிவப்பு பல்பு உட்பட. "ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வெயில் நன்றாகப் படுகிறதே" என்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. யூவிபி கதிரை ஜன்னல் கண்ணாடி நிறுத்திவிடும். அந்தக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 ஊறாது. டி3 இல்லையென்றால் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. உடம்பு தன் எலும்பையே சுரண்டித் தின்னத் தொடங்கும். தாடை ரப்பராக இளகும், விரல்கள் துடிக்கும், கால்கள் வளையும். வளர்கிற குட்டியை இந்த நோய் சீக்கிரம் பிடிக்கும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் மெல்லச் செத்துக்கொண்டே வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ, தயாரித்தவர் சொன்ன கெடுவில் மாற்று. காசு இடிக்கிறதா? அலங்காரக் குகையை விடு, பிளாஸ்டிக் கள்ளியை விடு, வண்ண மணலைக் கட்டாயம் விடு. இரையோடு விழுங்கினால் மணல் குட்டியின் குடலை அடைத்துவிடும். தரைக்குப் பழைய செய்தித்தாள் போதும். குழலில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே.

இப்போது உன் நெஞ்சுக்கு வருகிறது பரீட்சை. வந்த முதல் சில நாள் அது சரியாகச் சாப்பிடாது. இடம் மாறிய மிரட்சி. நீ பத்துப் பேரைக் கேட்பாய், பத்துப் பேரும் பத்து சொல்வார்கள். காலையில் விளக்கை மாற்றி, மதியம் பெட்டியை நகர்த்தி, சாயங்காலம் கையில் எடுத்துக் கொஞ்சுவாய். நிறுத்து! அளந்து பார்த்துச் சரியென்று கண்டதை அப்படியே விடு. சும்மா இருக்கவும் துணிச்சல் வேண்டும் தம்பி, பதறுவதற்குத்தான் எதுவும் வேண்டாம். இரையைக் காட்டு, கீரையை வை, தூக்காதே.

தூக்காமல் உட்கார்ந்து பார். நீ பெட்டியை நெருங்கியதும் ஒரு முன்னங்காலை மெல்லத் தூக்கி, காற்றில் வட்டம் போட்டு இறக்கும். டாட்டா காட்டுகிறது என்று படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பாதே. "நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே" என்பதுதான் அந்த அசைவு. உச்சந்தலையின் நடுவே மற்றவற்றைவிட வெளிறிய ஒரு செதிலும் அதில் ஒரு புள்ளியும் தெரியும். வெளிச்சத்தையும் நிழலையும் உணரும் மூன்றாவது கண் அது. மேலிருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்துதான். ஆகவே சில நாள் கழித்துத் தொடும்போது கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய், வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடு.

பூச்சியைக் கையால் தொடுவதா என்று முகம் சுளிக்கிறாயா? சுளித்த முகத்தோடே தொடு, நாலு நாளில் சுளிப்பு போய்விடும். ஆஸ்திரேலியக் கடைகளில் சுவர்க்கோழியும், வூடி என்கிற சின்னக் கரப்பானும் உயிரோடு கிடைக்கும். குட்டியின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. பையில் நாலு சுவர்க்கோழியைப் போட்டு, ஒரு சிட்டிகை கால்சியம் பொடி தூவி, குலுக்கி, மாவில் புரண்டதுபோல் வெள்ளையாக இறக்கிவிடு. தலை ஒருபக்கம் சாயும், ஒரு கணம் அசைவே இராது, பிறகு நாக்கும் தாடையும் ஒரே பாய்ச்சல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்ற அளவு போதும், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. மிச்சத்தை எடுத்துவிடு; விட்டுவைத்த சுவர்க்கோழி ராத்திரியில் குட்டியையே கடிக்கும். கீரையைப் பொடியாக நறுக்கித் தினமும் வை, கடுகுக்கீரை நல்லது. பசலையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதைக் குறை. அவகாடோவும் மின்மினிப் பூச்சியும் விஷம். துணைக்கு இன்னொரு குட்டி வாங்காதே. ஒன்றன் விரலையும் வாலையும் மற்றது கடித்துவிடும், பல்லிபோல் இதற்கு வால் திரும்ப முளைக்காது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் கொடுக்காதே. நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறாய் என்றால் உரிமம் வாங்கு, அதையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளாதே.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை அதை நிறுத்து எழுது. கல்லின் சூடு, தின்ற பூச்சி, போட்ட எச்சம், உடம்பின் கிராம், எல்லாம் ஒரு நோட்டில். எண் ஏறினால் பாட்டியின் பழமொழிக்கு நீ பதில் சொல்லவே வேண்டாம். எண் இறங்கினால், கண் குழிவிழுந்தால், கால் துவண்டால் ஒரு நாளும் தாமதிக்காதே; நாய் பூனை மட்டும் பார்ப்பவரை விட்டுவிட்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடிப் போ. ஒன்றும் ஆகாவிட்டாலும் முதல் மாதத்திலேயே ஒருமுறை போ, புதிய எச்சத்தைக் கொண்டுபோனால் குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போ. "கல்லின் சூடு எவ்வளவு? குழல் வாங்கி எத்தனை மாதம்?" என்று அவர் கேட்பார். நிமிர்ந்து உட்கார்ந்து சொல்.