போதுமான படம்

கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்பவருக்கு ஒரு வரம்பு உண்டு. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற கதிர் அளவைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. சி.டி. ஸ்கேன் மேசையில் படுக்கும் நோயாளிக்கு அப்படி வரம்பு ஏதும் கிடையாது. உயிர் காக்கும் படம் ஒன்று எண்ணிக்கைக் கணக்கால் தடைபட்டுவிடக் கூடாதென்று தெரிந்தே விட்ட இடைவெளி அது. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறுவது சராசரியாக இரண்டு மூன்று மில்லிசீவர்ட்; திசுக்களை வேறுபடுத்திக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் வயிற்று சி.டி.யின் ஒரு சுற்றே, அதாவது மருந்து பரவும் ஒரு கட்டத்தில் எடுக்கும் படத்தொகுதியே, பெரும்பாலும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. படம் எவ்வளவு தெளிவாக இருந்தால் போதும் என்று முடிவு செய்பவர் ஒருவர், அதற்கு உடலால் விலை கொடுப்பவர் வேறொருவர். இந்த இடத்தில்தான் தொழில்நுட்பக் கேள்வி அறக்கேள்வியாகிறது.

கதிரைப் பாதியாகக் குறைத்தால், மணல் தூவியதுபோல் படத்தில் தெரியும் இரைச்சல் சுமார் 40 விழுக்காடு கூடும். இந்தக் கணக்கைக் காட்டி, தெளிவு வேண்டுமானால் கதிர் வேண்டும் என்று பேச்சை முடித்துவிடலாம். ஆனால் கான்ட்ராஸ்ட் மருந்திலுள்ள அயோடின் வேறொரு வழியைத் திறக்கிறது. எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100க்கோ 80க்கோ இறக்கினால், கதிரின் ஆற்றல் அயோடின் மிகுதியாக உறிஞ்சும் எல்லையை நெருங்குகிறது. ரத்தக் குழாய்களும் மருந்தேறிய திசுக்களும் மேலும் பளிச்சிடுகின்றன. இரைச்சல் சற்றுக் கூடினாலும் வேறுபாடு துலங்குகிறது. பருத்த உடலுக்கு இது அவ்வளவாக உதவாது. ஒல்லியான உடலுக்கும் குழந்தைக்கும் பெரிதும் உதவும். இதைவிடப் பெரிய சேமிப்பு, சுற்றுகளைக் குறைப்பதில் இருக்கிறது. குடல்வால் அழற்சியா என்று அறிய, மருந்து செலுத்தி ஏறத்தாழ 70 நொடியில் எடுக்கும் ஒரே சுற்று பெரும்பாலும் போதும். கல்லீரல் புற்றுநோயை உறுதிசெய்யப் பல சுற்றுகள் தேவை. கேள்வியைப் பார்க்காமல் எல்லோருக்கும் மூன்று சுற்று எடுப்பது வெறும் பழக்கம்.

இவ்வளவு சிறிய அளவில் தீங்கு நேரும் என்பதே நிரூபணமாகவில்லையே என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. குறைந்த அளவிலும் ஆபத்து நேர்விகிதத்தில் இருக்கும் என்பது, பெருமளவு ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பியவர்களின் தரவிலிருந்து நீட்டிய அனுமானம். ஆயினும் சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆய்வும், ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வும், கதிர் அளவு கூடக்கூட ரத்தப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுவதைக் கண்டன. தனியொருவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியது. தேவையான ஸ்கேனை அஞ்சித் தவிர்ப்பதே அவருக்குப் பெரிய ஆபத்து. ஆனால் ஐயத்தின் பலனை யாருக்கு வழங்குவது? பயனில்லாத சுற்றை விட்டுவிடுவதால் நோயாளி இழப்பது ஒன்றுமில்லை. எடுத்தால், சிறியதோ பெரியதோ, சுமை அவர்மேல்தான்.

கதிரைக் குறைத்தால் நோய் தப்பிவிடும் என்ற மறுப்பு இதைவிடக் கூர்மையானது, உண்மையும்கூட. கணினி மறுகட்டமைப்பு முறைகள், ஆழ்கற்றல் உட்பட, இரைச்சலைத் துடைத்துப் படத்தை வழவழப்பாக்கித் தருகின்றன. சுற்றியுள்ள திசுவிலிருந்து அதிகம் வேறுபடாத கல்லீரல் கட்டி ஒன்று, சில மில்லிமீட்டர் அளவில் இருந்தால், அந்த வழவழப்பில் மறைந்துபோகலாம். கண்ணுக்கு இதமான படம் உண்மையான படமாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே குறைத்த அளவைப் பெருமையாகச் சொல்வதும் அறமாகாது. விடை தராத ஸ்கேனில் ஏறிய கதிர், எவ்வளவு குறைவானாலும், முழுவதும் வீண். மறுபடி எடுக்க நேர்ந்தால் இரட்டிப்பு. அழகுக்காகக் கூட்டுவதும் எண்ணுக்காகக் குறைப்பதும், படம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை மறந்த ஒரே பிழையின் இரு முகங்கள். எந்த நோயைத் தேடுகிறோம், அதைக் காண எவ்வளவு தெளிவு போதும் என்ற கேள்வி பொத்தானை அழுத்துமுன் கேட்கப்பட்டாக வேண்டும். நோயாளிக்குச் சட்டம் வைக்காமல் விட்ட வரம்பு, அந்தக் கேள்விதான்.