மூடிய கையில் ஐந்து சோழி

ஒருவன் சோழிகளைக் கைக்குள் மூடிக்கொண்டு "எத்தனை?" என்று கேட்கிறான். எதிரே இருப்பவன் வாய்க்கு வந்தபடி "ஐந்து" என்கிறான். கையைத் திறந்தால் ஐந்தேதான். சொன்னது உண்மை. ஆனால் அது அவனுக்குத் தெரிந்திருந்ததா? 12ஆம் நூற்றாண்டு அத்வைத அறிஞர் ஸ்ரீஹர்ஷர் தம் 'கண்டனகண்டகாத்யம்' நூலில் இந்தச் சோழிக் கணக்கை எடுத்துவைத்து, அறிவுக்கு நியாயம் என்னும் தர்க்க மரபினர் வகுத்திருந்த இலக்கணத்தை உலுக்கினார். உள்ளதை உள்ளபடி சொல்வதே அறிவு என்றால், குருட்டாம்போக்கில் சொன்ன அந்த 'ஐந்து'ம் அறிவாகிவிடுமே!

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2020இல், அதே கேள்வி கைப்பேசித் திரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு விட்டுப்போகாமல் இருக்கப் பல வீடுகளும் பள்ளிகளும் கணினி விளையாட்டுகளை நாடின. திரையில் 7 × 8 என்று வருகிறது. கீழே நான்கு பலூன்கள்: 54, 48, 56, 63. பிள்ளை 54ஐத் தொடுகிறது, தவறு. 48, அதுவும் தவறு. மூன்றாவதைத் தொட்டதும் பலூன் வெடித்து நட்சத்திரங்கள் கொட்டுகின்றன. ஆசிரியர் எங்கோ தொலைவில். அம்மா அடுப்படியில். நட்சத்திரத்தை எட்டிப் பார்க்கும் அவருக்குப் பிள்ளை கணக்குப் போடுகிறது என்றே தோன்றும்.

அது சோழியா, கணக்கா?

இதற்காக விளையாட்டையே தள்ளிவைப்பது சரியாகாது. எகிப்தில் பிள்ளைகளுக்கு ஆப்பிள்களையும் மாலைகளையும் பங்குபோடவிட்டு விளையாட்டாகவே எண் கற்பிக்கிறார்கள் என்று பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் மெச்சி எழுதியிருக்கிறார். நம் காலத்துச் சான்றும் இருக்கிறது. குஜராத்தின் வடோதராவில் 2002 வாக்கில் நகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டு தரப்பட்டது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். அவரவர் தரத்துக்கு ஏற்பக் கேள்விகள் கடினமாகும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கிடைத்த முன்னேற்றம், நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளை முப்பத்திரண்டாவது இடத்துக்கு வருவதற்குச் சமம். கல்வித் துறையில் இது சாதாரணமாகக் கிடைக்கும் பலன் அல்ல.

திட்டம் நின்று ஓராண்டு ஆனபின் மறுபடியும் சோதித்தார்கள். அந்தப் பதினெட்டு இடங்களில் ஏறத்தாழ நான்குதான் மிஞ்சியிருந்தன.

எல்லாக் கல்வியும் பழகாவிட்டால் மங்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த மங்கலைப் படிக்கும்போது பிளேட்டோவின் 'மெனோன்' நினைவுக்கு வராமல் போகாது. அதில் சாக்ரடீஸ் ஒரு கேள்வி எழுப்புகிறார். லாரிசா ஊருக்கு வழி தெரிந்தவனும், தெரியாமலே சரியாக ஊகித்தவனும் அதே ஊருக்குத்தான் போய்ச் சேர்வார்கள். அப்படியானால் சரியான கருத்தைவிட அறிவு எதில் உயர்ந்தது? அவரே விடையும் தருகிறார். சிற்பி டெய்டலஸ் செய்த சிலைகள் கட்டிவைக்காவிட்டால் ஓடிவிடுமாம். சரியான கருத்தும் அப்படித்தான். 'ஏன்' என்ற கயிற்றால் கட்டினால்தான் அது தங்கும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கல்வி ஆய்வில் ஒரு சிறுவன் இருக்கிறான். ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973இல் எழுதிய கட்டுரையில் அவனுக்குப் பென்னி என்று பெயர். வயது 12, ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில், தனியாக, ஏடு ஏடாகக் கணக்குப் போட்டு, விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தி வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போகும் முறையில் அவன் படித்தான். வகுப்பின் நல்ல மாணவர்களில் ஒருவன் என்றே ஆசிரியர் நினைத்திருந்தார். எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. பதினொன்றில் நான்கு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் மேலேயும் கீழேயும் இருப்பதைக் கூட்டிப் பதினைந்தாக்கி, நடுவில் புள்ளி வைத்து 1.5 என்றான். தலைகீழாக்கி நான்கில் பதினொன்று என்றாலும் அவனுக்கு 1.5தான். கணக்கு என்பது யாரோ போட்டுவைத்த விதிகளின் மூட்டை என்றும், விடைத்தாளில் இருப்பதோடு தன் விடை பொருந்தும்வரை தேடுவதே வேலை என்றும் அவன் நம்பியிருந்தான். அவன் சோம்பேறி அல்ல. தனக்கென்று விதிகளைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சுறுசுறுப்பானவன். அதுதான் வேதனை. அவன் விடைகளைப் பார்க்க ஆள் இருந்தது; அவை எப்படி வந்தன என்று கேட்க இல்லை.

பென்னி படித்தது காகிதத்தில். ஆனால் பலூன் விளையாட்டின் உள்ளமைப்பும் அதேதான்: தனிமை, தன் வேகம், விடை பொருந்தினால் அடுத்த படி.

அதே 'மெனோன்' உரையாடலில் எதிர்ப்பக்கத்துக் காட்சியும் உண்டு. படிப்பறியாத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் இரண்டடிச் சதுரம் ஒன்றை வரைந்து காட்டி, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நான்கடி என்கிறான் சிறுவன். பரப்பு எட்டுக்குப் பதில் பதினாறு ஆகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பது வருகிறது. பிறகு, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். பலூன் விளையாட்டு இந்த இடத்தில் அடுத்த பலூனை நீட்டும். சாக்ரடீஸ் நிற்கிறார். இவனுக்கு நேர்ந்தது நஷ்டமில்லை, லாபம் என்று பக்கத்தில் இருக்கும் மெனோனிடம் சொல்லிவிட்டு, அந்தத் திகைப்பிலிருந்தே மூலைவிட்டத்தின்மேல் நிற்கும் சதுரம்வரை அவனைக் கேள்விகளால் நடத்திப்போகிறார். அதோடு விடவில்லை. இப்போது இது அவனுக்குக் கனவுபோலத்தான் இருக்கும், பலமுறை பலவிதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

திகைப்புக்கு இடம்கொடுக்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் உருவான 'எஸ்டி மேத்' விளையாட்டில் ஜிஜி என்ற பென்குவின் திரையைக் கடந்து போக வேண்டும். பிள்ளை தவறான விடை தந்தால், அந்த விடைப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதைத் திரையே நடத்திக் காட்டுகிறது. வழி சரியாக அமையாமல் பென்குவின் நின்றுவிடும். சிமூர் பேப்பர்ட் முதலானோர் 1967இல் உருவாக்கிய 'லோகோ' கணினி மொழியில் கோடு வரையும் ஆமையும் அப்படித்தான். 90 பாகைக்குப் பதில் 80 திரும்பச் சொன்னால் திரும்பும். சதுரம் மூடாமல் நிற்கும். அங்கே தவறு ஒரு தண்டனை ஒலியாக வந்து மறைவதில்லை. கோணலான கோடாகக் கண்முன் கிடக்கிறது, பார்க்கலாம், திருத்தலாம். கணக்கு விளையாட்டு வாங்கும் பெற்றோரும் பள்ளிகளும் வண்ணத்தையும் இசையையும் பார்ப்பதற்கு முன், தவறும்போது திரை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் தொலைவு என்பது திரையோடு முடிகிற விஷயம் அல்ல. ஆசிரியர் எட்டத்தில் இருக்கும்போது பிள்ளையிடம் 'சரி' என்று சொல்வது திரைதான்; அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம்? நியாய மரபு, பிறர் சொல்லையும் அறிவுக்கு ஒரு வாயிலாக ஏற்கிறது. சொல்பவர் 'ஆப்தர்' ஆக இருக்க வேண்டும். பொருளை நேரில் அறிந்தவர், அறிந்ததைச் சொல்லும் விருப்பம் உள்ளவர், அவரே ஆப்தர் என்கிறார் நியாய சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சொல்கிறார். அந்தப் பெருந்தன்மையோடு கணினியையும் சேர்த்துக்கொள்ளலாமா? 56 சரி என்று அது சொல்வதை நம்பலாம். செய்தவர்களுக்குக் கணக்குத் தெரியும். நம்ப முடியாதது அதன் 'சபாஷ்'. அறிந்து தொட்ட பிள்ளைக்கும், தடவித் தொட்ட பிள்ளைக்கும் அதே சபாஷ், அதே நட்சத்திரம். எண்ணைப் பற்றி அது அறிந்திருக்கிறது, பிள்ளையைப் பற்றி அறியவில்லை.

இதே கொரோனா காலத்தில் போட்ஸ்வானாவில் 4,500க்கு மேற்பட்ட குடும்பங்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியில் போயின. இன்னொரு பகுதியினருக்கு அதோடு வாரம் ஒருமுறை, ஏறத்தாழ இருபது நிமிடம், ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையோடு கணக்குப் பேசினார். வெறும் குறுஞ்செய்தியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. குரலும் சேர்ந்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். திரை இல்லை, வண்ணம் இல்லை, பென்குவினும் இல்லை. ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை.

அந்த இருபது நிமிடத்தைப் பலூன் விளையாட்டோடும் சேர்க்கலாம். அடுப்படியிலிருந்து வரும் அம்மாவோ, மாலையில் அழைக்கும் ஆசிரியரோ "எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்பதற்குப் பதில் "56ன்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்கலாம். "ஏழு ஏழு 49, இன்னொரு ஏழு" என்று பிள்ளை சொன்னால் அது கயிறு. "சும்மா தொட்டேன்" என்று சொன்னாலும் கேட்டது வீணில்லை. எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டுத் திண்ணைகளில் புளியங்கொட்டையை வைத்து ஆடும் 'ஒத்தையா ரெட்டையா' ஏறக்குறைய ஸ்ரீஹர்ஷரின் சோழியேதான். மூடிய கையைப் பார்த்து ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டம் அங்கே முடிவதில்லை. கையை விரித்துக் கொட்டைகளைத் தரையில் போடுகிறார்கள். இரண்டு தலைகள் குனிகின்றன. ஒரு சின்ன விரல் இரண்டிரண்டாக ஒதுக்கிக்கொண்டே போகிறது, கடைசியில் ஒன்று தனியாகக் கிடக்கிறதா என்று பார்க்க.