கிண்ணமும் கைகளும்

2014 ஆம் ஆண்டு ஹொங்கொங் ஏலமொன்றில், சேவலும் பேடும் குஞ்சுகளும் தீட்டப்பெற்ற சிறு பீங்கான் கிண்ணமொன்று 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் விலைபோயிற்று. மிங் வமிசத்துச் செங்குவா மன்னன் காலத்தது (1465–1487) அது. வாங்கிய செல்வர் அதில் தேநீர் ஊற்றி அருந்தியபோது பலர் முகஞ்சுளித்தனர். எமக்கோ அச்செயலிற் பிழையொன்றும் தெரியவில்லை. கிண்ணம் குடிப்பதற்கே வனையப்பட்டது. முகஞ்சுளிக்க வேண்டிய இடம் வேறு.

சிங்தெசென் நகரின் சூளைகளிற் பிறந்தது அக்கிண்ணம். 1637 இல் சொங் யிங்சிங் எழுதிய தொழினூல், ஒரு கிண்ணம் உருப்பெறுவதற்கு 72 கைகள் மாறவேண்டும் என்று கணக்கிடுகிறது. மண் பிசைந்தவன், சக்கரஞ் சுழற்றியவன், கோடிட்டவன், மெருகு தோய்த்தவன், தீ மூட்டியவன் எனப் பலர். அடியில் எழுதப்பட்டிருப்பதோ மன்னனின் ஆட்சிப்பெயர் ஒன்றே. அழகை வியக்கும் நாம் இம்மறைப்புக்கும் உடந்தையாகின்றோமா?

இக்கேள்வியை வேறொரு புறமிருந்து அணுகியவர் யப்பானிய அறிஞர் யனகி சொயெத்சு. கியோத்தோவின் தைதொக்குஜி மடத்தைச் சார்ந்த கொஹோவான் கோயிலிலே, கிசாயெமொன் எனப்படும் தேநீர்க் கிண்ணம் பேணப்படுகிறது. யப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று அது. 1931 இல் அதனைக் கண்ட யனகி, கொரிய ஏழையொருவன் சோறுண்ட சாதாரணக் கிண்ணமே இது என்றார். (அறிஞர் சிலர் இதனை மறுப்பர்.) அழகு செய்கின்றோம் என்ற நினைப்பேயின்றி, விரைவாகவும் மலிவாகவும் வனைந்தமையாலேயே அது அழகாயிற்று என்பது அவர் துணிபு. 1936 இல் தோக்கியோவில் நாட்டார் கைவினைக்கென அரும்பொருட்சாலை ஒன்றையும் அவர் நிறுவினார்.

இக்கருத்து எம்மைப் பெரிதுங் கவர்ந்தது. வகுப்பில் மாணவர்க்கு எடுத்துரைத்ததுமுண்டு. ஆயினும், ஓரிடத்தில் உடன்பட இயலவில்லை. பெயரின்மையை யனகி ஓர் அறமாகவே போற்றுகின்றார். பெயரைத் துறத்தல் வேறு, பெயர் மறுக்கப்படுதல் வேறன்றோ? துறவி துறக்கலாம். குயவனை எவர் கேட்டார்?

1592 முதல் 1598 வரை கொரியாமீது படைநடத்திய யப்பானியப் பிரபுக்கள், திரும்புகையில் குயவர்களையும் பிடித்துச் சென்றனர். கொரியக் கிண்ணங்களை அத்துணை நுட்பமாகச் சுவைத்த வர்க்கமே அது! அச்சுவை போலி என்று நாம் கூறோம். மெய்யான சுவைதான்; எம்மை அச்சுறுத்துவதும் அதுவே.

அரித்தாவில் யப்பானின் முதற் பீங்கானைச் செய்தவர் என மரபு கூறும் யி சம்பியொங், அவ்வாறு கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். 1917 இல் அவ்வூரார் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பினர். அவ்வாறு வந்தோருள் பெயர் எஞ்சியவர் ஒரு சிலரே.