பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த சலவை யந்திரம் ஒருநாள் தரையெல்லாம் நீரைக் கசியவிடுகிறது. உடனே வீட்டில் இரு கட்சிகள். "தவணையில் புதிது வாங்கிவிடலாம்" என்பர் பிள்ளைகள். "இருப்பதைச் சரி செய்தால் போதும்" என்பர் பெரியோர். இதில் தர்ம நியாயம் பேச என்ன இருக்கிறது என்று எண்ணவேண்டாம். நாம் பொருள்களை நடத்தும் முறையில் மனிதரை நடத்தும் முறையும் அடங்கியிருக்கிறது.

முதற் கடமை உண்மையை அறிவது. நீர் வரும் குழாயின் இணைப்பில் வாஷர் தேய்ந்திருக்கலாம்; கழிவுநீர்க் குழாய் விரிசல் கண்டிருக்கலாம்; முன்பக்கம் கதவுடையதாயின், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கிழிந்திருக்கலாம்; சோப்புத்தூள் மிகுந்து நுரை வழிவதும் உண்டு. இவை பெரும்பாலும் சிறு செலவில் தீர்பவை. தொட்டியின் அச்சிலுள்ள சீல் தேய்ந்து, நீர் பேரிங்கில் இறங்கித் துருவேற்றி, இரைச்சலும் எழுமாயின், யந்திரத்தையே பிரிக்கவேண்டி வரும், செலவும் பெருகும். காரணம் தெரியுமுன் தீர்ப்புச் சொல்வது, விசாரணையின்றித் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு வளையத்துக்காக முழு யந்திரத்தையும் தள்ளுவது விரயம். தள்ளியது எங்கும் மறைந்து போவதில்லை. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்கழிவு விதிகள் சலவை யந்திரத்தையும் சேர்த்தே பேசுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாதிரியின் கடைசி யந்திரம் சந்தைக்கு வந்தபின் 10 ஆண்டுகளேனும் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதல் நடப்பிலுள்ளது. பழுது பார்ப்பது ஏழைமையின் அடையாளமென்று நாணுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

ஆயினும், சிக்கனத்தின் போர்வையில் உலோபமும் நுழையக்கூடும். ஈரத்தரையில் நின்று, மின்சாரம் ஓடும் யந்திரத்தைத் தொடுபவர் யார்? பல வீடுகளில் தாய், அல்லது வேலைக்கு வரும் பெண்மணி. "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்பவரோ அதைத் தொடுவதேயில்லை! சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பிறர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை ஏது? கசிவு கண்டதும் மின் இணைப்பை நீக்கி, பழுது தீர்ந்து, எர்த்தும் சரிபார்த்த பின்னரே ஓட்டவேண்டும்.

பழையதைக் கழிப்பதிலும் நேர்மை வேண்டும். குறையை மறைத்து விற்பது வஞ்சகம். ஒழுகும் யந்திரத்தை ஏழைக்கு ஈந்துவிட்டுத் தர்மம் செய்ததாக மகிழ்வதும் தகாது. செலவையும் ஆபத்தையும் அவர் தலையில் ஏற்றியதே மிச்சம். கொடுப்பதாயின் சரி செய்து கொடுங்கள். இல்லையேல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள்.

ஆகவே, பெற்றோரே, தொழில் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்; அவருக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். செலவு புதியதன் விலையில் பாதிக்கு மிகக் குறைவாயும், சரி செய்தபின் ஆபத்தின்றி ஓடுவதாயும் இருந்தால், பழையதே போதும். பாதியைத் தாண்டினாலோ, உதிரிப்பாகம் கிடைக்காவிட்டாலோ, கடன்படாமல் புதிது வாங்குவதில் குற்றமில்லை. முடிவுக்குமுன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அண்டை வீட்டில் புதிய யந்திரம் வந்திராவிட்டால், நம்முடையது நமக்குப் பழையதாகத் தோன்றியிருக்குமா?