பூஜ்யத்தால் பெருக்கினால்

1

எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து மெயின் ரோடு இருநூறு மீட்டர். ஆறுவழிச் சாலை, நடுவில் இடுப்பளவுக்கு கான்கிரீட் தடுப்பு. மூன்று வருடத்துக்கு முன்பு வரை எங்கள் தெருமுனைக்கு நேராக அந்தத் தடுப்பில் ஒரு இடைவெளி இருந்தது. கார்கள் அங்கே யூ டர்ன் அடிக்கும், பைக்குகள் எதிர்த்திசையில் நுழையும், காலை எட்டு மணிக்கு ஹாரன் சத்தம் ஐந்தாவது மாடி வரை வரும். ஒரே வருடத்தில் இரண்டு பெரிய விபத்துகளும் நடந்தன.

குடியிருப்போர் சங்கம் மனு எழுதியது. 'பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி' இடைவெளியை மூடவேண்டும் என்று. வாட்ஸ்அப்பில் வந்த வரைவில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தது நான்தான். கையெழுத்தும் போட்டேன். சாலையைப் பராமரிக்கும் துறை இரண்டே மாதத்தில் மூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு விபத்து கூட இல்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறார். சிக்னல் தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒழுங்காகக் கடப்பதென்றால் போக தொள்ளாயிரம், திரும்பி வர தொள்ளாயிரம், ஒரு தடவைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நாலு வீட்டில் வேலை பார்க்கிறவர். தடுப்பு மேல் ஏறிக் குதித்துத்தான் வந்துகொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதே சரி.

போன மழைக்காலத்தில் ஒரு காலை வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நாலு வீட்டில் இரண்டு வீடு வேறு ஆள் வைத்துக்கொண்டது. பார்க்கப் போனபோது என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: "வண்டி எதுவும் இடிக்கல தம்பி. நானாத்தான் வுழுந்தேன்."

2

அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. அரசாங்கப் பதிவேடு சொல்வதும் அதையேதான். நம் நாட்டில் சாலை விபத்து என்றால் அதில் ஓடும் வண்டி ஒன்று இருக்கவேண்டும். உடைந்த நடைபாதையில் தடுக்கி விழுவது, மூடியில்லாத வடிகாலில் கால் போவது, தடுப்பில் ஏறி வழுக்குவது எதுவும் கணக்கில் வராது. அக்காவின் மணிக்கட்டு எந்தக் கோப்பிலும் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். தரவை நம்புவது என் தொழில். நடந்துபோகிறவர்களின் பாதுகாப்பை நம் துறைகள் எப்படி ஆராய்கின்றன என்று தேடிப் படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஆனால் முதலில் மரியாதைதான் வந்தது. விபத்து நடந்ததும் காவல் நிலையத்தில் பதிவாகும் விவரங்களை ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய அமைப்பு அது. இடம், நேரம், வண்டி, சாலையின் தன்மை எல்லாம் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ விளைவித்த 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அது கரும்புள்ளி. அங்கே பொறியாளர்கள் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் குறைவு, சாலை அதிகம். எங்கே அதிகம் சாகிறார்களோ அங்கே முதலில் போ. நானாக இருந்தாலும் அப்படித்தான் கோட் எழுதியிருப்பேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லிப் பார்க்கவேண்டும்: ஒரு இடம் ஆபத்தானது என்று நிரூபிக்க அங்கே ஆட்கள் சாகவேண்டும். நான்கு விபத்து நடந்த இடம் ஐந்தாவதுக்காகக் காத்திருக்கிறது.

அடுத்தது, சாலையைக் கடக்கும் வசதி. இந்திய சாலைப் பேராயம் 1988-ல் கொண்டுவந்த ஐஆர்சி 103 வழிகாட்டியில் ஒரு சூத்திரம் உண்டு. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதை, அதே நேரத்தில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியையும், தடுப்புள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் கட்டுப்பாடுள்ள கடவை தேவை. வண்டிகளின் வேகம், காத்திருக்கும் நேரம், பழைய விபத்துகள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறது வழிகாட்டி.

எங்கள் சாலைக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 4000 வண்டி என்று வைத்தால் அதன் வர்க்கம் 1.6 கோடி. அப்படியென்றால் வெறும் 13 பேர் கடந்தாலே போதும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சூத்திரம் நடப்பவருக்கு எதிரி இல்லை. வண்டி பெருகப் பெருக அது நடப்பவர் பக்கமே சாய்கிறது.

பிறகுதான் உறைத்தது. இடைவெளியை மூடிய பிறகு அங்கே கடப்பவர் எண்ணிக்கை என்ன? சட்டப்படி பூஜ்யம். பூஜ்யத்தை 1.6 கோடியால் பெருக்கினாலும் பூஜ்யம். கடக்கவே முடியாத சாலையில் கடக்க வசதி கேட்க ஆளே இருக்கமாட்டார்கள். வீட்டிலேயே இருந்துவிட்ட முதியவர், ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி ஆட்டோவுக்குக் காசு கொடுப்பவர், எதிர்ப்பக்கத்துப் பள்ளியை விட்டுவிட்டு வேறு பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தை, இவர்களை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பது? நாங்கள் விபத்தைக் குறைக்கவில்லை. கடப்பவர்களைக் குறைத்தோம். அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

3

சரி, சிக்னல் வைக்கலாமே என்று சம்பந்தப்பட்ட பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். பொறுமையாகத்தான் பேசினார். "சார், இங்க ஒரு சிக்னல் வெச்சா பின்னாடி மொத்தமும் நின்னுடும். அப்புறம் நீங்களே வந்து கம்ப்ளெயின்ட் பண்ணுவீங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. 4000 வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி தாமதம் என்றால், ஒரு மணி நேரத்தில் 80,000 விநாடிகள். ஏறக்குறைய 22 மணி நேரம். சாலைத் திட்டங்களின் லாப நட்டக் கணக்கில் இந்த நேரத்துக்கு ரூபாயில் மதிப்புப் போடுவார்கள். தராசின் ஒரு தட்டில் தினமும் சேரும் அந்த மணிநேரங்கள். மறு தட்டில் ஒரு மணிக்கட்டு.

டி.எம். ஸ்கான்லன் 1998-ல் எழுதிய 'வாட் வி ஓ டு ஈச் அதர்' புத்தகத்தில் ஒரு கற்பனைச் சூழல் வரும். தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையத்தில் ஒருவர் கருவிக்கு அடியில் சிக்கி மின்அதிர்ச்சியில் துடிக்கிறார். அவரை மீட்க ஒளிபரப்பைச் சிறிது நேரம் நிறுத்தவேண்டும். கோடிக்கணக்கானோர் உலகக் கோப்பை ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் முடியும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லலாமா? கூடாது என்கிறார் ஸ்கான்லன். கோடிப் பேரின் சின்ன இழப்புகளைக் கூட்டினால் பெரிய எண் வரும். ஆனால் அந்தப் பெரிய இழப்பை அனுபவிக்கும் ஆள் என்று ஒருவரும் இல்லை. அதிர்ச்சியை அனுபவிப்பவர் மட்டும் ஒருவர் இருக்கிறார்.

இது அத்தனை சுலபமாகச் சாலைக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். நிற்கும் வண்டிகளில் ஆம்புலன்ஸ் இருக்கலாம். அறுபது பேரோடு மாநகரப் பேருந்து இருக்கும், அதில் அக்காவே இருக்கலாம். எல்லாச் சாலையையும் நடப்பவர் வேகத்துக்கு இறக்கினால் நகரம் நடக்காது. தாமதம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 22 மணி நேரம் என்று ஒரு மனிதர் இல்லை, நான் இருக்கிறேன், எனக்கு ஆவது 20 விநாடி. அதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. "உங்க கை உடையட்டும்க்கா, எனக்கு இருபது செகண்ட் லேட் ஆவுது." கூட்டுத்தொகையாகச் சொல்லும்போது கௌரவமாக இருப்பது, தனித்தனியாகச் சொன்னால் நாக்கில் நிற்க மறுக்கிறது.

4

சாலை விபத்து பற்றித் தமிழில் நமக்கு மிகப் பழைய கதை ஒன்று உண்டு. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அடிபட்டுச் சாகிறது. பசு மணியடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகன் மேல் தேரை ஏற்றுகிறான். பள்ளியில் படித்தபோது சிலிர்த்த கதை. இப்போது யோசித்தால் ஒன்று இடிக்கிறது. குற்றவாளி யார் என்று ராஜா சரியாகக் கண்டுபிடித்தார். அந்த வீதி அப்படியேதான் இருந்தது. மறுநாள் இன்னொரு தேர், இன்னொரு கன்று.

நம் எஃப்ஐஆர்களில் வரும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற தொடர் அந்த ராஜநீதியின் மிச்சம். ஓட்டியவர் தவறு, அல்லது குறுக்கே வந்தவர் தவறு. யார் என்று முடிவானால் கோப்பை மூடலாம். என் தொழிலில் இப்படிச் செய்தால் சிரிப்பார்கள். சர்வர் விழுந்தால் 'ஒருத்தர் தப்பான கமாண்ட் அடிச்சுட்டார்' என்பது விசாரணையின் தொடக்கம்தான், முடிவு அல்ல. ஒரு ஆள் ஒரு தப்பு செய்தால் எல்லாம் விழும்படி ஏன் கட்டிவைத்தோம் என்பதே அடுத்த கேள்வி.

1997-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்ற 'விஷன் ஜீரோ' கொள்கையின் மையம் இதுதான். மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாக இருக்கக்கூடாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு, இது பத்தாம் வகுப்பு இயற்பியல். ஆகவே மனிதர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்கும்படி சாலையை அமைப்பது அதை அமைத்தவரின் பொறுப்பு.

நம்மிடமும் எழுத்தில் குறை இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். அந்தக் கதையின் முடிவில் கடவுள் வந்து கன்றையும் மகனையும் உயிர்ப்பிப்பார். நமக்கு அந்தக் கடைசிப் பக்கம் கிடையாது.

5

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழிலிருந்து எட்டு வரை தடுப்போரம் நின்று எண்ணினேன். 41 பேர் ஏறிக் குதித்தார்கள். சூத்திரப்படி விடை 65 கோடிக்கு மேல். பூஜ்யம் இல்லை.

அந்த எண்ணை வைத்து, தரைமட்டத்திலேயே சிக்னலோடு கடவை கேட்டு ஒரு மனு எழுதி, அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். 'மறுபடி ட்ராஃபிக் ஆகும் ப்ரோ' என்று ஒருவர் எழுதினார். அவர் மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. முதல் மனுவில் நான் பிழை திருத்தியவன்.

மேஜையில் கிடந்த தாளைப் பார்த்து அக்கா என்னவென்று கேட்டார். சொன்னேன். "என் பேரு போடக் கூடாதா? தாண்டுறது நான்தானே" என்றார். குடியிருப்போர் சங்கத்தின் மனு, அவர் குடியிருப்பவர் இல்லை. முதல் மனுவுக்கும் யாரும் அவரைக் கேட்கவில்லை, இரண்டாவதுக்கும் நான் கேட்கவில்லை.

மனுவின் தலைப்பில் இருந்த சங்கத்தின் பெயரை அடித்துவிட்டு மறுபடி அச்செடுத்தேன். அக்கா அதை எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துப்போனார். நாலு நாள் கழித்து அறுபத்து மூன்று பெயர்களோடு திரும்பி வந்தது, சில கைநாட்டுகள். கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. அக்கா இப்போது சிக்னலைச் சுற்றி வருகிறார். அரை மணி நேரம் தாமதமாக வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறோம். அது தீர்வு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.